சமையலறையில் தொடங்காதே, கலா

கெலுகோர், பினாங்கு
9 நவம்பர் 2025

அன்புள்ள கலா,

நலம்தானே? உன் கடிதம் தீபாவளிக்கு முதல் நாள் கைக்கு வந்தது. முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். மாவுக் கையைத் துடைத்துவிட்டு அடுப்படியில் நின்றபடியே படித்தேன். மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தியை இவரிடமும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தோட்டத்து லயத்தில் ஒரே விளக்கைச் சுற்றி நம் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்ததெல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. உன் அம்மா இருந்திருந்தால் தோட்டம் முழுக்க மிட்டாய் கொடுத்திருப்பார். முழங்கால் வலிக்கு இன்னும் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கவில்லையா? கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்குப் போ, ஐந்து ரிங்கிட், ஐந்தே வெள்ளிதான். காத்திருக்கத்தான் வேண்டும், ஆனாலும் தள்ளிப் போடாதே.

அத்தனை செய்திக்கும் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தாய். "செலவு கட்டுப்படியாகவில்லை மகேஸ், இந்த மாதத்திலிருந்து மீன் வாங்குவதை நிறுத்திவிட்டேன்." அந்த வரி என்னை விடவே இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். அதற்குச் சரியான பதில் எழுத வேண்டும், அதற்கு எங்கள் அக்டோபர் மாதக் கணக்கு கையில் வர வேண்டும் என்று காத்திருந்தேன். அதனால்தான் தாமதம், கோபித்துக்கொள்ளாதே.

ஆகஸ்டில் இவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றுபோனது. மாதம் 900 வெள்ளி குறைந்தது. எனக்கு உடனே கை போனது சமையலறைக்குத்தான். மீனை நிறுத்தினேன். பாலைக் குறைத்தேன். காலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு நான் வெறும் தேநீரோடு நிறுத்திக்கொண்டேன். நம் அம்மாக்கள் அப்படித்தானே செய்தார்கள்? குழம்பில் மீன் துண்டு ஐந்து இருக்கும், வீட்டில் ஆறு பேர் இருப்போம். அம்மா "எனக்கு மீன் ஒத்துக்காது" என்பார். அது உண்மை என்று எத்தனை வருஷம் நம்பினோம்! அந்த மாதம் முழுக்க வயிற்றைக் கட்டி நான் மிச்சம் பிடித்தது 110 வெள்ளி. அதே மாதம் யாருக்கும் தெரியாமல் இந்த வீட்டிலிருந்து வட்டியாக மட்டும் 126 வெள்ளி போயிருக்கிறது. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை ராத்திரி, மாமா தூங்கிய பிறகு, நாங்கள் நாலு பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். இப்போது பாதி பில் காகிதத்தில் வருவதில்லை, எல்லாம் போனுக்குள் இருக்கிறது. பெரியவள் எங்கள் இரண்டு பேருடைய பேங்க் கணக்கையும் திறந்து மூன்று மாதத்துச் செலவை ஒவ்வொரு வரியாக வாசித்தாள். சின்னவன் எழுதினான். எழுத நோட்டு வேண்டும் என்றதும் அவன் எதிர்க்கடையில் போய் வாங்கிவந்தது என்ன தெரியுமா? 555 நோட்டு! நம் தோட்டத்துக் கடையில் அம்மா பெயரில் தொங்கிக்கொண்டிருக்குமே, அதே சின்ன நோட்டு. அரிசி 10 கிலோ, பருப்பு, மண்ணெண்ணெய் என்று எழுதி, சம்பள நாளில் கோடு போட்டு அடிப்பார்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் எத்தனை கோடு, எத்தனை பாக்கி என்று விரலால் தொட்டே சொல்வார். எனக்குப் பள்ளியில் படித்த கணக்கும் தெரியும், கையில் போனும் இருக்கிறது, என் வீட்டுப் பாக்கி எவ்வளவு என்று தெரியாமல் இருந்திருக்கிறேன்.

கிரெடிட் கார்டு வரி வந்தபோது இவர் பேச்சை நிறுத்திவிட்டார். 8,400 வெள்ளி பாக்கி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமாவின் கண் அறுவைச் சிகிச்சையில் தொடங்கியது, பிறகு பெரியவளின் லேப்டாப், பிறகு ஒரு தீபாவளி. ஒவ்வொரு மாதமும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்திருக்கிறார். அது பாக்கியில் 5 விழுக்காடு, அதாவது 420 வெள்ளி. அதில் 126 வட்டிக்கே போய்விடும். வருஷத்துக்கு 18 விழுக்காடு வட்டி. பன்னிரண்டு மாதமும் நாள் தவறாமல் கட்டுகிறவர்களுக்கு 15 தான். இவர் மூன்று தடவை தாமதமாகக் கட்டியதால் உச்சிக்குப் போய்விட்டது. அது போதாதென்று கார்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு காப்புறுதி, மாதம் 40 வெள்ளிக்கு மேல். எப்போதோ போனில் யாரோ கேட்டபோது "சரி சரி" என்று சொல்லியிருக்கிறார். மறுநாளே கூப்பிட்டு அதை நிறுத்தினோம், பத்து நிமிஷ வேலை.

பிள்ளைகள் முன்னால் அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு மனம் தாங்கவில்லை. அப்போதுதான் நானும் என்னுடையதைச் சொன்னேன். எங்கள் அடுக்குமாடியில் பத்துப் பெண்கள் சேர்ந்து கூட்டு, அதாவது சீட்டு, போடுகிறோம், ஆளுக்கு மாதம் 150, மாதம் ஒருத்திக்கு மொத்தமும். இவருக்குத் தெரியாது. 1971-லேயே கூட்டு நிதிக்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் நம் பெண்கள் விடுவதில்லை. தெரிந்தவர்கள்தான், நல்லவர்கள்தான், இருந்தாலும் நாளைக்கு ஒருத்தி கட்டாமல் போனால் யாரிடம் போய்க் கேட்பது? என் சீட்டு டிசம்பரில் வருகிறது, 1,500. அது நேராகக் கார்டுக்குப் போகும். அதோடு கூட்டை முடித்துக்கொள்கிறேன்.

ஊழியர் சேமநிதி விஷயத்தில்தான் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. போன வருஷம் மே மாதத்திலிருந்து மூன்றாவது கணக்கு வந்ததே, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று. அதில் இவருக்கு 3,000 இருந்தது. வயதான காலத்துப் பணத்தில் கை வைக்கவே கூடாது என்பது என் பிடிவாதம். பெரியவள்தான் நோட்டில் இரண்டு வரி போட்டுக் காட்டினாள். 2024-க்குச் சேமநிதி கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு, அப்படியென்றால் 3,000-க்கு வருஷம் 189 வெள்ளி வருகிறது. அதே 3,000 கார்டில் பாக்கியாகக் கிடந்தால் வருஷம் 540 வெள்ளி போகிறது. சரி, எடு என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். கார்டு அடைந்த பிறகு அதே 420-இல் பாதியை மாதாமாதம் சேமிப்பில் போட்டு அந்த 3,000-ஐ நிரப்ப வேண்டும். ஒப்புக்கொண்டார், நோட்டில் கையெழுத்தும் போட்டார். இப்போது பாக்கி 4,700 சொச்சம். இந்தத் தீபாவளிக்கு அந்தக் கார்டை யாரும் தொடவில்லை. சின்னவனுக்கு மட்டும் புதுச் சட்டை, மற்றவர்களுக்குப் போன வருஷத்துத் துணிதான். யார் முகமும் வாடவில்லை.

அப்புறம் கரண்டு பில். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், உன் வீட்டிலும் இரண்டு ஏர்கோன் ஓடுகிறது. ஜூலை 1-லிருந்து மின்சார நிறுவனம் தெனாகாவின் கட்டண முறையே மாறிவிட்டது. இப்போது 600 யூனிட் என்பது ஒரு கோடு என்று வைத்துக்கொள். அதற்குள் இருந்தால் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் கிடையாது, சேவை வரியும் கிடையாது. தாண்டினால் இரண்டும் வந்து ஏறும். அதுமட்டுமில்லை, சிக்கனமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு கழிவு தருகிறார்கள். யூனிட் கூடக் கூட அந்தக் கழிவு படிப்படியாகக் குறைந்து, 1,000 தாண்டினால் ஒன்றுமே இல்லாமல் போகும். எங்கள் ஆகஸ்டு பில் 648 யூனிட், 255 வெள்ளி. 48 யூனிட்டுக்காகக் கோட்டைத் தாண்டியிருந்தோம்!

பின்கட்டில் பழைய பிரிட்ஜ் ஒன்று பதினைந்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு தேங்காய் மூடியும் ஒரு பாட்டில் ஊறுகாயும். அதை நிறுத்திவிட்டேன். சமையலறைப் பிரிட்ஜ் இரவெல்லாம் ஏன் உறுமுகிறது என்று பார்த்தோம். இவர் ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பார்த்தார். மேலே இறுக்கமாக இருந்தது. கீழ் மூலையில் காகிதம் தானாக வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ரப்பர் அங்கே கெட்டிப்பட்டு வெடித்திருந்தது. விரலை வைத்தால் குளிர் காற்று கசிவது தெரிந்தது. ரப்பரை மாற்றினோம். ஏர்கோனைக் கழுவச் செய்து, 25-இல் வைத்து, கூடவே காற்றாடி போட்டுப் படுக்கிறோம். விடியற்காலை நாலு மணிக்குத் தானாக நின்றுவிடும்படி வைத்திருக்கிறோம். முதல் வாரம் சின்னவன் முனகினான், இப்போது பழகிவிட்டது. போன வாரம் வந்த பில் 505 யூனிட், 175 வெள்ளி. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

இன்டர்நெட் ஒரே போனில் முடிந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம் எப்போதோ முடிந்துபோயிருக்கிறது, புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதே வேகம் 50 வெள்ளி மலிவு. விலகப் போகிறேன் என்று சொன்னதும் எங்களுக்கும் அந்த விலையே கொடுத்தார்கள். உன் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பார். பிள்ளைகள் போனில் மாதாமாதம் பிடிக்கும் சில்லறைகளையும் அவர்களே அடித்துவிட்டார்கள்.

தொடாமல் விட்டதும் உண்டு. மாமாவின் அஸ்ட்ரோ டிவி சந்தாவை நிறுத்தலாம் என்று இவர் சொன்னார். நான் விடவில்லை. கண் தெளிந்த பிறகு அந்தத் தமிழ் அலைவரிசைகள்தான் அவருக்குப் பகல் பொழுது. யாரும் பார்க்காத விளையாட்டுத் தொகுப்பை மட்டும் எடுத்துவிட்டோம். இவருடைய மருத்துவக் காப்புறுதியையும் விடவில்லை. சந்தா ஏறியிருக்கிறதுதான். ஏற்றத்தை மூன்று வருஷத்துக்காவது பரப்ப வேண்டும் என்று போன டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொன்னதால் மூச்சுவிட முடிகிறது. ஐம்பதைத் தாண்டிய பிறகு அதை ஒருமுறை விட்டால் திரும்ப எடுப்பது கஷ்டம் கலா, நீயும் அவசரப்பட்டு நிறுத்திவிடாதே.

எல்லாம் கூட்டிப் பார்த்தால் மாதம் 300 வெள்ளி போல. 900-க்கு அது போதாது, எனக்குத் தெரியும். இவர் காரை வீட்டில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறார், அதில் இன்னும் 200 மிச்சம். சாயங்காலம் மழை கொட்டும்போது வாசலிலேயே நிற்கிறேன். மீதிக்கு வழி பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் புதன்கிழமை காலை பசாருக்குப் போய்க் கெம்போங் மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தேன். ஆறு துண்டு, வீட்டில் ஐந்து பேர்.

பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் எஸ்.எம். முகமது இட்ரிஸ் நினைவிருக்கிறதா? 2019-இல் காலமாகும்வரை தேவையில்லாததை வாங்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பேச்சைச் சின்ன வயதில் கேட்டு, இது ஆண்கள் பேசுகிற விஷயம் என்று விட்டுவிட்டேன். இப்போது ஏக்கமாக இருக்கிறது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மகன் செந்தூலிலிருந்து வேலைக்குக் காரில் போகிறான் என்று எழுதியிருந்தாய். பெட்ரோல் லிட்டர் 1.99 ஆகிவிட்டது சரி, பார்க்கிங்கும் டோலும்? மாதம் 50 வெள்ளி மை50 பாஸில் எல்ஆர்டி, எம்ஆர்டி, ரேபிட் பஸ் எல்லாவற்றிலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். ஒரு மாதம் முயன்று பார்க்கச் சொல். மைகார்டில், அதான் அடையாள அட்டையில், அரசாங்கம் போட்ட 100 வெள்ளியை உன் வீட்டில் எல்லோரும் செலவழித்துவிட்டீர்களா? டிசம்பர் 31-ஓடு முடிகிறது. அரிசி, எண்ணெய், முட்டை, பள்ளிப் பொருள் வாங்கிக்கொள்ளலாம். கார்டுக் கடனோ தவணைக் கடனோ கழுத்தை நெரித்தால் கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே-க்குப் போ. பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. தெரியாத ஆளிடம் மட்டும் வட்டிக்கு வாங்காதே, கலா. அதற்கு முன்னால் என்னைக் கூப்பிடு.

பள்ளி விடுமுறையில், டிசம்பர் கடைசி வாரம், பஸ் ஏறி அங்கே வருகிறேன். பில்களை எல்லாம் ஒரு பையில் போட்டு வை. அவரையும் பிள்ளைகளையும் அன்று ராத்திரி வீட்டில் இருக்கச் சொல். 555 நோட்டு நான் வாங்கி வருகிறேன், மீனும்தான்.

அன்புடன்,
மகேஸ்