சத்தம் போடாமல் இருந்தவர்களுக்கு

அன்புள்ளவர்களே,

ஒன்பது பாட்டு, 34 நிமிடம். என் முதல் ஆல்பம் போன வாரம் வெளியானது. ஒரு கிதார், ஒரு குரல், ஒரே ஓர் இடத்தில் வயலின். சிடி உறையில் நன்றி சொல்ல நாலு வரிக்குத்தான் இடம் இருந்தது. அதில் பேர்களை மட்டும் போட்டேன். மிச்சம் இங்கே.

ஆல்பத்துக்கு உதவியவர்கள் என்றால் வாசித்தவர்கள், கூடப் பாடியவர்கள் என்று நினைப்போம். என் விஷயத்தில் அப்படி இல்லை. சத்தம் போடாமல் இருந்தவர்கள்தான் அதிகம்.

முதலில் மாடி வீட்டு அக்காவும் அவர் கணவரும். பதிவு செய்தது என் படுக்கையறையில், சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, பதினொரு இரவுகள். கண்டென்சர் மைக் 48 வோல்ட் கொடுத்தால்தான் விழிக்கும்; விழித்துவிட்டால் அடுத்த அறையில் பக்கம் புரட்டுவதுகூட அதற்குக் கேட்கும். தயங்கித் தயங்கி மாடிக்குப் போய்ச் சொன்னேன். "பாப்பா ஒன்பதுக்கே தூங்கிடுவா. நாங்க நாற்காலி இழுக்கக் கூடாது, அவ்வளவுதானே?" என்றார் அக்கா. சிடி கொடுக்கப் போன அன்றுதான் பார்த்தேன்: அவர்கள் வீட்டு நாற்காலிக் கால்கள் அத்தனைக்கும் பழைய சாக்ஸ் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்தது அம்மா. ஃப்ரிட்ஜின் முனகல் மைக்கில் விழுந்ததால் தினமும் ராத்திரி அதை அணைக்க வேண்டியிருந்தது. முதல் நாள் திரும்பப் போட மறந்துவிட்டேன். காலையில் உள்ளே இருந்ததெல்லாம் போச்சு. அம்மா திட்டவில்லை. மறுநாளிலிருந்து பதிவு தொடங்கியதும் என் பைக் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். "நாளைக்கு நீ வெளியே கிளம்பணும்னா அதைத் திறந்துதானே ஆகணும்." பதிவு செய்கிறவர்களிடையே இது பழைய தந்திரம் என்று பிறகு கேள்விப்பட்டேன். அம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் வந்தேன். பேர் வேண்டாம். கிளிக் டிராக் (காதில் சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் தாளம்) போட்டு வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். பதினைந்து நாள் கழித்து வந்த கோப்பில் டிரம்ஸ் அடித்திருந்தது, குரலுக்குச் சுருதி திருத்தியிருந்தது. அம்மா கேட்டுவிட்டு, "நல்லாருக்கு, யாரு பாடுறது?" என்றார்.

அந்தக் கோப்பைக் கேட்டுவிட்டு, "உன் வீட்லயே பண்ணலாம்" என்று இரண்டு மைக்கோடு வந்து நின்றவர்தான் எங்கள் ஒலிப்பதிவுக்கார அண்ணன். கிதாரின் துளைக்கு நேரே மைக்கை வைத்தால் குடத்துக்குள் தட்டின மாதிரி பூம் என்று அடிக்கும். அவர் கிதார் கழுத்தின் குறுக்கே ஓடும் உலோகக் கட்டைகளில் பன்னிரண்டாவதற்கு, அதாவது பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேரே, ஒரு சாண் தள்ளி வைத்தார். குரல் மைக்கை வாய்க்கு எதிரே வைக்காமல் சற்றே ஓரமாகத் திருப்பினார். என் பாட்டுகளில் 'ப' அதிகம், ஒவ்வொரு 'ப'வும் காற்றாகப் போய் அதில் அடிக்கும். நான் வாசித்துக்கொண்டே பாடுகிறவன். அதனால் கிதார் மைக்கில் குரலும் விழும், குரல் மைக்கில் கிதாரும் விழும். ஒரு வரி பிசகினால் அந்த வரியை மட்டும் வெட்டி ஒட்ட முடியாது, முழுப் பாட்டையும் திரும்பப் பாட வேண்டும். மூன்றாவது பாட்டைப் பதினான்கு தடவை பாடினேன். ஒரு தடவைகூட அவர் "சரியில்லை" என்று சொன்னதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்தால் இன்னொரு தடவை என்று நானே புரிந்துகொண்டேன்.

கிதாரைச் செப்பனிட்டுத் தந்த பெரியவருக்கும் நன்றி. ஆறு கம்பிகளும் சேர்ந்து அந்த மரத்தை 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கின்றன என்று அவர் சொல்லித்தான் தெரியும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை அவர் கால் சுற்றுதான் திருகினார். இரண்டு வருஷமாக என்னைப் படுத்திய இரைச்சல் போய்விட்டது. "ரொம்ப காயவும் விடாத, ரொம்ப ஈரத்துலயும் வைக்காத, பாதிக்குப் பாதி இருக்கட்டும்" என்றார். அறையின் ஈரப்பதத்தை 50 சதவீதத்தை ஒட்டியே வைத்திருக்கிறேன், ஐயா.

இருபத்து மூன்று பாட்டையும் கேட்டு, "பதினாலு வேண்டாம்" என்ற நண்பனுக்கு நன்றி. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி வயலின் வாசித்த தோழி. இதைக் கொஞ்சம் விவரமாகத்தான் சொல்ல வேண்டும்.

நான்காவது பாட்டு 'டி ஏ டி ஜி ஏ டி' என்று கம்பிகளை மாற்றிக் கட்டி வாசிப்பது. 1960களில் பிரிட்டிஷ் கிதார் கலைஞர் டேவி கிரகாம் பரப்பிய முறை. திறந்த கம்பிகளை அப்படியே மீட்டினால் சந்தோஷச் சாயல் கொண்ட மேஜரும் இல்லை, சோகச் சாயல் கொண்ட மைனரும் இல்லை. எது என்று தீர்மானிக்கிற அந்த மூன்றாவது ஸ்வரம், எஃப் ஷார்ப்போ எஃப்போ, அதில் கிடையாது. அந்தப் பாட்டும் அப்படித்தான், விட்டுப் போனவரைப் பற்றியதா திரும்பி வருகிறவரைப் பற்றியதா என்று எனக்கே தெரியாது. தோழி மூன்று நாள் லீவு போட்டு வந்து, பாட்டு முழுக்க ஓடும் ஒரு வரிசையை அமைத்து வாசித்தாள். அவ்வளவு அழகு. அண்ணன்கூடக் கண்ணாடியைத் தொடவில்லை. கலந்து கேட்டபோது ஏதோ உறுத்தியது, எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவளேதான் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள். "நான் எஃப் ஷார்ப் தொட்டதும் பாட்டு சந்தோஷமாயிடுது. எஃப் தொட்டா அழுதுடுது. ரெண்டுமே வேணாம் இதுக்கு. எடுத்துடு."

மூன்று நாள் உழைப்பில் மிஞ்சியது கடைசிச் சரணத்துக்குக் கீழே நாற்பது விநாடி நீளும் ஒற்றை 'டி'. கவனிக்காவிட்டால் அது வயலின் என்றே தெரியாது. உன் வாசிப்பு முழுதும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எனக்குக் கேட்கத் தோன்றும் ராத்திரிகளில் அதைத்தான் கேட்கிறேன், ஆல்பத்தை இல்லை.

மாஸ்டரிங் செய்தவரை, அதாவது வெளியிடுமுன் ஒலியைக் கடைசியாகச் சரிசெய்தவரை, நான் நேரில் பார்த்ததே இல்லை. இன்னும் சத்தமாக ஏற்றித் தரச் சொன்னேன். ஸ்பாட்டிஃபை மாதிரியான தளங்கள் மைனஸ் 14 LUFS என்ற சத்த அளவை ஒட்டித்தான் ஒலிக்கவிடும், அமுக்கி ஏற்றினால் திரும்ப இறக்கிவிடும், நசுங்கியதுதான் மிச்சம் என்று எழுதி, மெல்லிய பாட்டை மெல்லியதாகவே விட்டார். நான் பாடிய ஹாலில் ஏழே பேர் உட்கார்ந்திருந்த நாளிலும் செல்போனை எடுக்காமல் கேட்ட அந்த ஏழு பேருக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. ஐந்தாவது பாட்டில் இரண்டாம் சரணம் முடிந்து கிதார் அடங்குகிற இடத்தில், ஹெட்ஃபோனில் கேட்டால், மேலிருந்து மெல்ல ஒரு 'தொம்' விழும். பாப்பா கட்டிலிலிருந்து இறங்கியது. தண்ணீர் கேட்டாளாம். நான் வாசிப்பதை நிறுத்தப் போனேன். அண்ணன் கண்ணாடியைக் கழற்றவில்லை.

அன்புடன்,
கீழ் வீட்டுக் கிதார்க்காரன்