நூலகத் திருப்பணி நிறைவு அறிக்கை: கூரை முடிந்தது, அலமாரிப் பூட்டும் கழன்றது

பழைய மாணவர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நம் கல்லூரியின் பழைய நூலகக் கட்டட வேலை முடிந்துவிட்டது. ஆவணிக் கடைசியில் சாரம் பிரித்தாயிற்று. புரட்டாசி பிறந்ததும் புத்தகங்கள் உள்ளே போயின. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்று பொதுக்குழுவில் நீங்கள் விதித்த நிபந்தனை நிறைவேறியது. கோடை விடுமுறையில் தொடங்கிய வேலை செமஸ்டர் நடுவே வந்து விழுந்ததால், கட்டடத்தோடு கல்லூரியையும் சேர்த்துத்தான் இந்த அறிக்கையில் பேச வேண்டியிருக்கிறது. பணம் நாம் கொடுத்தோம். ஆனால் வேலை குறித்த காலத்தில் முடிந்ததற்கு இப்போது படிக்கிற பிள்ளைகள்தான் முதல் காரணம். திறப்பு விழா மேடையில் இது போதுமான அளவு சொல்லப்படவில்லை என்பதால் இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, நூலகத்துக்குப் பின்னாலிருந்த தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை ஒன்று மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் விழுந்தது. டெல்டா முழுக்கத் தென்னையும் வீடும் போயிருந்த நேரம் அது; நூலகக் கூரையை யார் கவனிப்பார்கள்? விரிசலில் சிமெண்டைப் பூசி, மேலே தார் ஷீட் ஒட்டிவிட்டுப் போனார்கள். அப்புறம் கொரோனா வந்து கல்லூரியே மூடிக் கிடந்தது. திறந்து பார்த்தபோது தார் ஷீட்டுக்கு அடியில் தேங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்பக்கமாக இறங்கியிருந்தது. உத்திரத்தின் ஒரு முனை உளுத்துப் போயிருந்தது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று வேர்விட்டிருந்தது.

இடித்துவிட்டு கான்கிரீட் தளம் போடலாம் என்ற யோசனையும் வந்தது. அது சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் அந்தச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் எழும்பியவை. அவற்றின் தலையில் கான்கிரீட் பாரத்தை ஏற்ற வேண்டாம் என்று நாம் கேட்ட பொறியாளர்கள் சொன்னார்கள். அதனால் பழைய மெட்ராஸ் டெரஸையே திரும்பக் கட்டுவது என்று முடிவாயிற்று. தேக்கு உத்திரம், அதன்மேல் சட்டங்கள், சட்டங்களுக்கு மேல் சின்ன மெல்லிய செங்கற்களைக் கோணவாட்டில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டவைத்த தளம், அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு, எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு. ஜல்லிப் பூச்சைப் பரப்பியதும் விட்டுவிட முடியாது. ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரப்பலகையால் நாள்கணக்கில் அடித்து இறுக்க வேண்டும். அடிக்கிற பலகை துள்ளித் திரும்பினால்தான் தளம் இறுகியதாகக் கணக்கு என்றார் மேஸ்திரி.

இந்த வேலை தெரிந்த கொத்தனார்களைக் காரைக்குடிப் பக்கமிருந்து வரவழைத்தோம். உள் கூடத்துப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதா வேண்டாமா என்று குழுவில் ஒரு கூட்டம் முழுக்க விவாதம் நடந்தது. "பளபளப்பு வேணும்னா முட்டை போடலாம், படிக்கிற இடத்துக்கு அது எதுக்குங்க?" என்று மேஸ்திரியே கேட்டதும் அந்த விவாதம் முடிந்தது. விடுதி சமையற்கூடத்துக்குப் போக வேண்டிய முட்டை தப்பித்தது.

நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் பிடித்தது சுவர்தான். முன்பு எப்போதோ உள்சுவரின் அடிப்பகுதியில் இடுப்பளவுக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். தரையிலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்ட் வழியை அடைத்துவிட்டால் ஈரம் இன்னும் மேலே ஏறும். அதனால்தான் சிமெண்ட் முடிந்த இடத்துக்குச் சற்று மேலே உப்புப் பூத்துச் சுவர் பொரிந்துகொண்டிருந்தது. அந்த இடத்தை ஒட்டித்தான் தமிழ் அலமாரிகள் நின்றன என்பது இன்னொரு கொடுமை. சிமெண்டை மொத்தமாகக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்பு பூசினோம்.

என்ன விகிதத்தில் பூசுவது? இங்கேதான் வேதியியல் துறை உள்ளே வந்தது. பழைய பூச்சில் சிமெண்ட் படாத இடத்திலிருந்து கொஞ்சம் பெயர்த்து, காயவைத்து, நிறுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டார்கள் இறுதியாண்டு மாணவிகள். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும். மணலும் செங்கல் தூளும் அடியில் தங்கும். தங்கியதை வடிகட்டி, கழுவி, காயவைத்து நிறுத்தால் கலவை விகிதம் ஓரளவு தெரிந்துவிடும். சுவரின் பல இடங்களிலிருந்து எடுத்துப் பார்த்து, சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே என்று எழுதிக் கொடுத்தார்கள். மேஸ்திரி அந்தத் தாளை வாங்கிப் பார்க்கவே இல்லை. உதிர்ந்த பூச்சைக் கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு "ரெண்டரை" என்றார். அந்த மாணவிகள் இதையே செமஸ்டர் புராஜெக்டாக எழுதிக் கொடுத்து, துறைக் கருத்தரங்கில் வாசித்தும் விட்டார்கள். கட்டுரையில் மேஸ்திரிக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பருவத்தில் கல்லூரியில் நடந்தவற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

சுண்ணாம்பை அவசரப்படுத்த முடியாது. தொட்டியில் நீற்றி ஊறவைக்க வேண்டும், அரைக்க வேண்டும், ஒரு கை பூசினால் அது இறுகக் காத்திருந்துதான் அடுத்த கை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கித்தான் அது மறுபடி கல்லாகிறது. கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வருகிறது என்று ஒரே வாரத்தில் வெள்ளையடித்து முடிக்கிற வேலையைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிது. எனவே ஜூனில் வகுப்பு தொடங்கியபோது நூலகம் பாதி வேலையில் நின்றது.

அப்போதுதான் முணுமுணுப்பு எழுந்தது, அது நியாயமானதும்கூட. வாசிப்புக்கூடம் இல்லை, தூசி, கொத்துகிற சத்தம், அடுத்து உள்மதிப்பீட்டுத் தேர்வு. மாணவர் பிரதிநிதிகள் வந்து முதல்வர் அறையில் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். தேர்வு நாட்களின் முற்பகலில் கொத்துவேலை கிடையாது. அந்நேரத்தில் அரவையும் சலிப்பும் மட்டும், அதுவும் விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில். சைக்கிள் ஷெட்டின் ஒரு பக்கத்தைத் தடுத்து, மின்விசிறி மாட்டி, தற்காலிக வாசிப்பறை ஆக்கினோம். பாடப்புத்தகங்கள் மட்டும் அங்கே இருந்தன. சைக்கிளில் வருபவர்கள் குறைந்துவிட்டதால் இடத்துக்குப் பஞ்சமில்லை. பைக்கை எங்கே நிறுத்துவது என்றுதான் சண்டை.

புத்தகங்களை இடம் மாற்றியதைப் பார்க்க நீங்கள் வந்திருக்க வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் நூலக வாசலிலிருந்து கருத்தரங்கக் கூடம் வரை வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு கட்டிலும் அலமாரி எண், தட்டு எண் எழுதிய சீட்டு. வணிகவியல் மாணவர்கள் பதிவேட்டோடு சரிபார்த்தார்கள். புத்தகங்களைத் தூசி தட்டும்போது விலங்கியல் துறையினர் பூச்சிகளைப் பிடித்துத் தனித்தனிக் குப்பிகளில் அடைத்தார்கள். பெரும்பாலும் இராமபாணப் பூச்சி. சுவர் ஓரத்து அலமாரிகளில் கரையான். சுவர் காய்ந்தாலே பாதி பூச்சி போய்விடும் என்பது அவர்கள் முடிவு. மீதிக்கு, தஞ்சை சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்கு நெடுங்காலமாகச் செய்து வரும் முறையையே நம் நூலகரும் பின்பற்றுகிறார்: வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு முதலியவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து தட்டுதோறும் வைப்பது. வாசனையும் நன்றாகத்தான் இருக்கிறது.

அடுக்கும்போது ஒரு சிக்கல் வெளிப்பட்டது. பழைய புத்தகங்களின் முதுகில் இருப்பவை கோலன் பகுப்பு எண்கள், அதாவது நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் ஒரு முறையின் எண்கள். பிற்காலத்தில் வாங்கியவை டூயி தசமப் பகுப்பு என்ற வேறொரு முறையின் எண்களில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே முறைக்கு மாற்றிவிடலாமே என்று எங்களில் சிலர் கேட்டோம். நூலகர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். அதற்கு ஆளும் இல்லை, அவசியமும் இல்லை. கணினிப் பட்டியலில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் போதும் என்றார். சரி என்று விட்டுவிட்டோம். கோலன் எண்களைப் பார்த்து முதலாண்டு மாணவர் ஒருவர், "இது என்ன சார், வைஃபை பாஸ்வேர்டா?" என்று கேட்டதாகத் தகவல். அந்தக் கோலன் முறையை 1933இல் வெளியிட்ட சீ. இரா. ரங்கநாதன் நம் பக்கத்துச் சீர்காழிக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் நூலகவியல் படிக்கப் போய், அங்கே பார்த்த நூலகங்களை வைத்து யோசித்துத் திரும்பியவர். அவர் பிறந்த நாளான ஆகஸ்ட் 12, நூலகர் தினம், இம்முறை சைக்கிள் ஷெட்டில்தான் கொண்டாடப்பட்டது. கூட்டம் வழக்கத்தைவிட அதிகம்.

அலமாரிப் பூட்டு விஷயமும் ரங்கநாதனிடமிருந்துதான் தொடங்குகிறது. நூல்கள் பயன்படுவதற்கே என்பதுதான் அவர் வகுத்த முதல் விதி. நம் நூலகத்திலோ கண்ணாடி அலமாரிகள் பூட்டியே கிடந்தன. வேண்டிய புத்தகத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். நம் காலத்திலும் அப்படித்தான். பூட்டை எடுத்தால் புத்தகம் காணாமல் போகும் என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் வலுவாக எதிர்த்தார்கள். குழுவின் கருத்து வேறு. சரிபார்த்தபோது தெரிந்தது இதுதான்: திறந்த தட்டுகளில் தொலைந்தவை சில, பூட்டிய அலமாரிகளுக்குள் யாரும் தொடாமல் பூச்சிக்கும் ஈரத்துக்கும் போனவை அதைவிட மிக அதிகம். யாராவது எடுத்துப் பிரித்திருந்தால் கரையான் முன்பே கண்ணில் பட்டிருக்கும். எனவே அரிய பதிப்புகள் உள்ள அலமாரிகளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பூட்டுகள் கழற்றப்பட்டன. இந்த முடிவில் உடன்படாத உறுப்பினர்களின் குறிப்பும் குழுவின் பதிவேட்டில் இருக்கிறது.

மாலையில் நூலகத்தை எத்தனை மணி வரை திறந்து வைப்பது என்பதை முடிவு செய்தது நாங்கள் அல்ல, டவுன் பஸ். மாணவிகளில் பெரும்பாலோர் கட்டணமில்லாப் பயணம் உள்ள சாதாரணப் பேருந்தில் வருகிறவர்கள். அது போய்விட்டால் காசு கொடுத்து வேறு பஸ். ஆகவே கடைசி டவுன் பஸ் நேரத்தைப் பார்த்து, அதற்கு அரை மணி முன்பு மூடுவதாக வைத்திருக்கிறோம். விடுதி மாணவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்ற கோரிக்கை நிலுவையில் இருக்கிறது. அதற்குக் கூடுதல் ஆள் தேவை. ஆளுக்குச் சம்பளம் தேவை.

இதர வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மின்கம்பிகள் முழுதும் மாற்றப்பட்டன, எர்த் புதிதாகப் போடப்பட்டது. முன்வாசலில் சாய்தளம் கட்டினோம். 12 அடிக்கு 1 அடிக்கு மேல் உயராதபடி அளந்து கட்டியதால் அது நீளமாக இருக்கிறது, முகப்பின் அழகைக் கெடுக்கிறது என்ற விமர்சனத்தை ஏற்கிறோம், மாற்றுவதாக இல்லை. சக்கர நாற்காலியில் வரும் பொருளியல் மாணவர் இப்போது யாரையும் தூக்கச் சொல்லாமல் உள்ளே போகிறார். கிழக்குத் தாழ்வாரத்தில் கை வைக்கவில்லை. அதன் ஓடுகள் தாங்குகின்றன. அடுத்த கோடையில் பார்க்கலாம்.

கல்லூரியின் மற்றச் செய்திகளும் கேட்பீர்கள். மகளிர் கபடி அணி இந்த முறையும் இறுதிப் போட்டி வரை போய்த் தோற்றது. கேப்டன் அடுத்த ஆண்டும் இருக்கிறார் என்பதால் கவலையில்லை. தமிழ்த் துறையினர் கல்லூரி ஆண்டு மலர்களின் பழைய தொகுதிகளை வரிசைப்படுத்தி வருகிறார்கள். உங்களில் பலர் எழுதிய கவிதைகள் அகப்பட்டிருக்கின்றன. யார் யாருடையவை என்பதைக் குழு வெளியிடாது.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு தனித்தாளாக இணைக்கப்பட்டிருக்கிறது. நூலக அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருக்கிறோம். செலவில் பெரிய பங்கு கூரைக்கும் தேக்குக்கும் போயிற்று. எஞ்சிய தொகையை விழாவுக்கோ கல்வெட்டுக்கோ செலவிடாமல் பராமரிப்பு வைப்பாக வங்கியில் போட்டிருக்கிறோம். மெட்ராஸ் டெரஸ் ஆண்டுதோறும் ஆள் ஏறிப் பார்த்தால்தான் நிற்கும். தூம்புவாயில் சருகு அடைக்கக் கூடாது, தட்டோட்டு இடுக்கில் அரசங்கன்று முளைத்தால் விரலளவு இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். தாவரவியல் துறை புரட்டாசியிலும் தையிலும் மாடி ஏறிப் பார்ப்பதாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ரசீது இன்னும் கிடைக்காத நன்கொடையாளர்கள் சங்க அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பதிவேட்டைச் சரிபார்த்தபோது, எடுத்துப் போய்த் திருப்பித் தராத புத்தகங்களின் பட்டியல் நீளமாக வந்தது. அதில் இந்தக் குழு உறுப்பினர்களின் பெயர்களும் உண்டு. வீட்டில் பரண்மேல் கல்லூரி முத்திரையோடு ஏதாவது கிடந்தால் தயவுசெய்து கொண்டுவந்து கொடுங்கள். அபராதம் கேட்க மாட்டேன் என்று நூலகர் சொல்லியிருக்கிறார். தபாலிலும் அனுப்பலாம்.

இப்படிக்கு,
நூலகத் திருப்பணிக் குழு