எடைச் சீட்டு நிரலும் விதைநெல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீடாமங்கலம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் 11 வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். எங்கள் ஆலைக்காக எழுதிய ஒரு சின்ன மென்பொருளை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சென்ற தை மாதம் அதன் நிரலோடு (கணினிக்கு எழுதிய கட்டளை வரிகளோடு) வெளியிட்டோம். மற்ற ஆலைக்காரர்களும், ஏன், உங்கள் நாளிதழும்கூட இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அறுவடை நாட்களில் எங்கள் வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். எடை மேடையில் தெரியும் எண்ணை நோட்டில் எழுதுவோம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எவ்வளவு கழிப்பது என்று கால்குலேட்டரில் போடுவோம். ஓர் இரவு 4,860 கிலோவை 4,680 என்று எழுதிவிட்டேன். மறுநாள் அந்த விவசாயி வந்து கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை. 180 கிலோ நெல் என்பது அவர் வீட்டில் என்னவென்று எனக்குத் தெரியும். அதற்கப்புறம்தான் எங்கள் ஊர்ப் பையன் ஒருவனிடம் சொல்லி இதை எழுத வைத்தோம். எடை நேராகக் கணினிக்கு வந்துவிடும். எவ்வளவு கழித்தோம், எதற்காகக் கழித்தோம் என்பது தமிழில் அச்சாகி விவசாயி கைக்குப் போகும்.

"நம்ம காசுல எழுதினதை அடுத்த ஆலைக்காரனுக்கு ஏம்மா சும்மா கொடுக்கணும்?" என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் எங்கள் மென்பொருளே ஜாங்கோ என்ற இலவச நிரல் தொகுப்பின் மேல் எழுதப்பட்டது. அது பிறந்தது அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், கும்பகோணத்தை விடச் சிறிய ஊரான லாரன்ஸில். லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்ற நாளிதழின் இணையதள வேலைக்காக 2003இல் அங்கிருந்த நிரலாளர்கள் எழுதத் தொடங்கி, 2005 ஜூலையில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதற்கு நாங்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை.

ஜாங்கோவை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் அதன் உரிமம், பதிலுக்கு நிரலைத் திருப்பிக் கேட்காது. எங்கள் நிரலையும் அதே மாதிரி கொடுக்க முதலாளிக்கு மனம் ஒப்பவில்லை. அப்போது எனக்கு, பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் நினைவுக்கு வந்தார். ஆதிரெங்கத்து நெல் திருவிழாவில் பாரம்பரிய விதைநெல் 2 கிலோ கொடுத்தால், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். முதலாளியே அங்கே மாப்பிள்ளைச் சம்பா வாங்கி வந்து விதைத்தவர். ஜி.பி.எல். உரிமமும் ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். நிரலைத் திருத்தி இன்னொருவருக்குக் கொடுப்பவர், திருத்திய நிரலையும் அதே உரிமத்தில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். "சரி, அதையே போடும்மா" என்றார்.

ஆனால் அவசரப்பட்டு யாரும் வெளியிட வேண்டாம். எங்கள் நிரலுக்குள் தரவுத்தளக் கடவுச்சொல் அப்படியே இருந்தது. சோதனைக்காகப் போட்ட விவசாயிகளின் தொலைபேசி எண்களும் இருந்தன. அழித்தாலும் கிட் என்ற மென்பொருள் பழைய பதிவுகளை எல்லாம் வைத்திருக்கும் என்பது அந்தப் பையன் சொல்லித்தான் தெரிந்தது. அதனால் பழைய வரலாற்றை விட்டுவிட்டு, சுத்தம் செய்த நிரலை மட்டும் புதிதாக ஏற்றினோம். கடவுச்சொல்லையும் மாற்றினோம்.

இரண்டே மாதத்தில் பலன் வந்தது. மயிலாடுதுறைப் பக்கத்து ஆலை ஒன்றில் எடைக் கருவி வேறு வகை. அதற்கான வரிகளை எழுதி எங்களுக்கும் அனுப்பினார்கள். எங்கள் சீட்டில் 'மோட்டா' என்ற சொல்லில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து அச்சாகிக்கொண்டிருந்தது. முகம் தெரியாத ஒரு கல்லூரி மாணவி அதைச் சரிசெய்து கொடுத்தார்.

பழைய எழுத்துருவில் இருக்கும் செய்திகளை, எல்லாக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடு முறைக்கு மாற்ற உங்கள் அலுவலகத்திலும் ஏதாவது நிரல் எழுதி வைத்திருப்பீர்கள். தயவுசெய்து அதை வெளியிடுங்கள். எங்கள் ஆலையின் பழைய விவசாயிகள் பட்டியல் முழுவதும் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
அரிசி ஆலைக் கணக்காளர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.