கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையிலிருந்து எழுத வந்திருக்கும் இளம் நாவலாசிரியர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். காசிமேட்டுப் பேச்சையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் பற்றி அவ்வளவு விரிவாகப் பேசிய அக்கட்டுரை, அந்த நாவல்கள் என்ன உடன்பாட்டின் பேரில் அச்சேறின என்பதைப் பற்றி ஒரு வரியும் சொல்லாதது எனக்குக் குறையாகப் பட்டது. பழைய வண்ணாரப்பேட்டையில் டிடிபி கடை வைத்திருப்பவன் நான். நாவல்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும்போது அவற்றின் ஒப்பந்தத் தாள்களும், அப்படி ஒன்று இருக்கும் பட்சத்தில், என் பார்வைக்கு வருவதுண்டு.

பெரும்பாலும் தாளே இருப்பதில்லை. எழுதியவர்களைக் கேட்டால், பதிப்பாளரைக் குறித்து, “அவராண்ட போய் எப்டிண்ணா கணக்கு கேக்கறது, புக்கு வந்தா போதும்” என்கிறார்கள். இந்தக் கூச்சம் தமிழ்ப் பதிப்புத் தொழிலுக்குப் பல தலைமுறைகளாக ஒரு மானியமாகவே இருந்துவருகிறது என்பது என் கருத்து. ஆனால் சட்டம் எழுத்தாளர் பக்கம்தான் நிற்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்து மூலமாக, உரிமையாளரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்த உரிமை, எவ்வளவு காலத்திற்கு, எந்த நிலப்பரப்பிற்கு, எவ்வளவு ராயல்டிக்கு (விற்பனையில் எழுத்தாளருக்கு வரும் பங்குக்கு) என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிக்கப்படவில்லை என்றால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலொழிய, அந்த மாற்றமே காலாவதியாகிவிடும்.

ஆகவே தாள் இல்லாத எழுத்தாளரைவிட, படிக்காமல் கையெழுத்திட்ட எழுத்தாளருக்குத்தான் ஆபத்து அதிகம். “பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் இந்நூலின் அனைத்து உரிமைகளும் பதிப்பகத்தாருக்கே” என்ற ஒற்றை வரியுடன் என் கடைக்கு வந்த தாள்களைப் பார்த்திருக்கிறேன். பதிப்புரிமைக் காலம் என்பது எழுதியவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் ஆகும். இருபத்தைந்து வயதில் முதல் நாவலை எழுதும் ஒருவர், மொழிபெயர்ப்பு, ஒலிநூல், மின்னூல், திரைப்படம் அனைத்தையும் பேரப்பிள்ளைகளின் காலம் வரைக்கும் ஒரு வரியில் கொடுத்துவிடுகிறார்.

இதில் அண்மைக்காலத்தில் ஒரு புதுச் சிக்கலும் சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரு பதிப்புக்கு ஆயிரம் அல்லது ஆயிரத்து இருநூறு பிரதிகள் அடிப்பார்கள். அவை விற்றுத் தீர்ந்தபின் மறுபதிப்பு வராவிட்டால் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும் என்று எழுதிக்கொள்வதில் பொருள் இருந்தது. இப்போது பி.ஓ.டி. (பிரின்ட் ஆன் டிமாண்ட்) முறையில் ஐம்பது, நூறு என்று தேவைக்கேற்ப அச்சிடுகிறார்கள். பதிப்பகங்களின் முதலீட்டுச் சுமையை இது குறைத்திருப்பதை நானும் வரவேற்கிறேன். ஆனால் இம்முறையில் எந்த நூலும் ஒருபோதும் ‘தீர்ந்துபோவதில்லை’. ஆண்டுக்கு நான்கு பிரதி விற்றாலும் நூல் அச்சில் இருப்பதாகவே கணக்கு. எனவே உரிமை திரும்புவதற்கான நிபந்தனையை ஆண்டுகளாலோ, ஓராண்டின் குறைந்தபட்ச விற்பனையாலோ எழுதிக்கொள்வதே இன்றைக்குப் பொருந்தும்.

ராயல்டியிலும் சதவீதத்தை மட்டும் பார்த்தால் போதாது, எதில் சதவீதம் என்று பார்க்க வேண்டும். 160 பக்கம் கொண்ட ஒரு நாவலின் விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் பதிப்பகத்தின் கைக்கு வருவது 130 ரூபாய். தாள், அச்சு, அட்டை, கிடங்கு, புத்தகக் காட்சி அரங்க வாடகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நூலின் விலையில் 10 சதவீதம் என்றால் எழுத்தாளருக்கு 20 ரூபாய், பதிப்பகத்தின் வரவில் 10 சதவீதம் என்றால் 13 ரூபாய். 300 பிரதிகளில் இது 6,000 ரூபாய்க்கும் 3,900 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம். நூலக ஆணையில், அதாவது பொது நூலகங்களுக்காக அரசு வாங்குவதில், போகும் பிரதிகளுக்கும் ராயல்டி உண்டா என்பதைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. அந்தத் தொகை தாமதமாக வரும் என்பதை எழுத்தாளரும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், ஏனெனில் பதிப்பாளருக்கே அது தாமதமாகத்தான் வருகிறது.

எழுத்தாளரிடமே பணம் வாங்கி நூல் போட்டுத் தருபவர்களைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அதுவும் ஒரு தொழில்தான். ஆனால் அது அச்சுச் சேவை, பதிப்பு அல்ல. பணமும் வாங்கிக்கொண்டு உரிமையையும் கேட்பதுதான் தவறு. நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென்று ஒரு தொகையைப் பட்டியலில் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் அந்த எண்ணை மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே வழங்குகிறது. சொந்தமாக நூல் வெளியிடும் எழுத்தாளர் தாமே விண்ணப்பிக்கலாம்.

எங்கள் பகுதிக் கதைகளுக்குக் கோடம்பாக்கத்தில் கிராக்கி இருப்பதால் திரைப்பட உரிமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூல் பதிப்பிப்பதற்கும் திரைப்பட உரிமைக்கும் தொடர்பில்லை. அதை எழுத்தாளர் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம், பதிப்பகம் வாய்ப்பைக் கொண்டுவந்தால் அதற்கு ஒரு பங்கு என்று பேசிக்கொள்ளலாம். அதேபோல, தேநீர்க் கடையில் வைத்து உதவி இயக்குநரிடம் வாய்மொழியாகக் கதை சொல்லிவிட்டுப் பிறகு உரிமை கோருவதும் எளிதல்ல. கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்பட்ட வடிவத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978ஆம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜனவரிப் புத்தகக் காட்சிக்காக ஆண்டுதோறும் நூல் அறிமுகங்களுக்குப் பல பக்கங்கள் ஒதுக்குகிறீர்கள். அவற்றில் இரண்டு பக்கங்களில், வழக்கறிஞர் ஒருவரையும் பதிப்பாளர் ஒருவரையும் வைத்துத் தயாரித்த மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தமிழில் வெளியிடுங்கள். கூடவே, தங்கள் இதழில் வெளியாகும் சிறுகதைகளின் உரிமை யாருக்கு என்பதையும் அதே பக்கத்தில் அச்சிட்டால், நூலாகத் தொகுக்கும்போது அனுமதி கேட்க வேண்டுமா என்று என் கடையில் வந்து விசாரிப்பவர்களுக்குக் காட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
டிடிபி கடைக்காரர், வாசகர்
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21