அப்படியே அப்பா

அன்புள்ள கண்ணா,

நீ பேசி மூன்று வாரம் ஆகிறது. "பிஸிம்மா" என்று ஒரு மெசேஜ் வந்தது, அதையே கடிதமாக நினைத்துக்கொண்டேன். உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததும் தம்பி சொல்லித்தான் தெரியும். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். பெற்றவளுக்குத்தான் கடைசியில் தெரிந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. ராத்திரி நேரத்தோடு தூங்கு.

போன தடவை உன் கோபத்தைப் பற்றி நீ ஒன்று சொன்னாய். "என்னம்மா பண்றது, ரத்தத்துல இருக்கு, நீங்கதானே சொல்வீங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அதற்குச் சற்று முன்னால் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. ஒன்றுமில்லை என்றாய். சரி, ஒன்றுமில்லை.

அன்றிலிருந்து அந்த வார்த்தை என்னை விடவில்லை. ரத்தத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நூலகத்தில் தேடித் தேடிப் படிக்கிறேன். சிரிக்காதே, ஒரு நோட்டில் பாதி எழுதிவிட்டேன்.

மனுஷ குணம் பிறவியிலேயே வருகிறதா, வளர்ப்பால் வருகிறதா என்று முந்நூறு வருஷத்துக்கும் மேலாகச் சண்டை நடக்கிறது. ஜான் லாக் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி, பிறக்கும்போது மனசு எழுதாத வெள்ளைத்தாள் என்றார். பத்தில் ஒன்பது பேர் நல்லவராவதும் கெட்டவராவதும் வளர்ப்பால்தான் என்று 1693இல் எழுதினார். அவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். பிறகு அமெரிக்காவில் ஜான் வாட்சன். ஒரு டஜன் நல்ல குழந்தைகளைக் கொடுங்கள், டாக்டரோ வக்கீலோ திருடனோ, கேட்டபடி ஆக்கித் தருகிறேன் என்று சவால் விட்டவர். அவரே 1928இல் தாய்மார்களுக்குப் புத்தி சொன்னார்: பிள்ளைகளைக் கொஞ்சாதீர்கள், முத்தம் கொடுக்காதீர்கள், காலையில் கை குலுக்கினால் போதும். அந்தப் பக்கத்தோடு அவரை மூடிவைத்துவிட்டேன்.

எதிர்க்கட்சிக்குத் தலைவர் டார்வினின் உறவினர் பிரான்சிஸ் கால்டன். இரட்டைப் பிள்ளைகளை வைத்துப் பிறவியா வளர்ப்பா என்று பார்க்கலாம் என்று 1875இல் ஆரம்பித்துவைத்தவர். பிறவிதான் என்று தீர்ப்புச் சொல்லி, கடைசியில் யார் பிள்ளை பெறலாம், யார் கூடாது என்பது வரைக்கும் போய்விட்டார். நம் வள்ளுவரையே எடுத்துக்கொள்ளேன். "ஊழிற் பெருவலி யாவுள", விதியைவிடப் பலமானது எது என்கிறார். 240 குறள் தள்ளிப் போனால் "ஊழையும் உப்பக்கம் காண்பர்", முயற்சி செய்கிறவர்கள் அந்த விதியையே புறமுதுகு காட்ட வைப்பார்கள் என்கிறார். அவரும் இரண்டு பக்கமும் யோசித்திருக்கிறார்.

என்னைப் பயமுறுத்தியது வேறு. ஐம்பது வருஷ இரட்டையர் ஆராய்ச்சிகளை எல்லாம் 2015இல் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள். பிறவிக்கு விழுந்த பங்கு சராசரியாக 49 சதவீதம். பாதி! அன்று ராத்திரி விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் நிதானமாகப் படித்த பிறகுதான் புரிந்தது, அது ஒரு ஆளைப் பற்றிய கணக்கே இல்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கிறதே, அந்த வித்தியாசத்தில் எவ்வளவு பிறவியால் வந்தது என்ற கணக்கு. உன் கோபத்தில் பாதி அப்பாவுடையது என்று அதற்கு அர்த்தமில்லை. அப்படியே வந்திருந்தாலும் மாற்ற முடியாது என்றும் இல்லை. உன் கிட்டப்பார்வை என்னிடமிருந்து வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டாய் அல்லவா?

தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. தூக்கம் கெட்டால் உனக்குச் சுள்ளென்று வரும், சின்ன வயதிலிருந்தே.

ஒரே வீடு, ஒரே அப்பா, அம்மா. தம்பி எப்படி இருக்கிறான், நீ எப்படி இருக்கிறாய் என்று எத்தனை தடவை உன்னைக் குத்தியிருக்கிறேன்! ஒரே வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கும் ஒரே வளர்ப்பு கிடைப்பதில்லையாம். இதைத் தெரிந்துகொள்ளப் புத்தகம் வேண்டுமா எனக்கு? தம்பிக்கு விவரம் தெரிவதற்குள் உன் அப்பா தளர்ந்துபோனார். உனக்குக் கிடைத்த அப்பா வேறு, அவனுக்குக் கிடைத்தவர் வேறு. அந்தக் கதவு உடைந்த அன்று அவன் தூங்கிக்கொண்டிருந்தான், நீ அவன் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உனக்கு ஒன்பது வயது. உன்னிடம் அதுவும்தானே இருக்கிறது, அது யார் ரத்தம்?

1968இல் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் எழுதியதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். ஒருவருடைய குணம் இன்னது என்று சொல்லிவிட்டு, அதை வைத்து எல்லா இடத்திலும் அவர் எப்படி நடப்பார் என்று சொல்ல முடியாது, இடத்துக்கு இடம் மாறும் என்கிறார். உன் அப்பாவை ஆபீஸில் தங்கமான மனுஷன் என்பார்கள். முப்பத்திரண்டு வருஷ வேலையில் ஒரு மேலதிகாரியிடம் குரலை உயர்த்தியதில்லை. ஒரு கோப்பைத் தூக்கி எறிந்ததில்லை. ரத்தத்தில் இருந்த கோபம் என்றால் காலை பத்து மணிக்கு அது எங்கே போயிற்று? சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வீட்டு வாசலில் வந்து நிற்குமா?

இது எனக்கு அப்போதே தெரியும், கண்ணா. தெரிந்துதான் இருந்தேன். ஆனாலும் "அவங்க அப்பாவும் அப்படித்தான், பரம்பரைக் கோபம்" என்று அத்தையிடம் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். ரத்தம் என்று சொல்லிவிட்டால் அவரைக் கேட்க வேண்டியதில்லை. உங்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போக வேண்டியதில்லை. எனக்குப் பயம், அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. மன்னிக்கிறேன் மன்னிக்கிறேன் என்று அவரைத் தாங்கியது போதாதென்று, நீ நாலு வயதில் பொம்மையை உடைத்தபோது "அப்படியே அப்பா" என்றேன். ஏழு வயதிலும் சொன்னேன். உன் கல்யாணத்துக்கு முதல் நாள்கூட, நீ கட்டிக்கொள்ளப் போகிறவள் காதுபடச் சொன்னேன். நீ வேறு யாராகத்தான் வளர்ந்திருக்க முடியும்? அவர் இருந்திருந்தால் இதை எழுதத் துணிந்திருக்க மாட்டேன், அதுவும் என் யோக்கியதைதான்.

அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவாள், இப்போது பேசுவதில்லை, அவ்வளவுதான். அவளை ஒன்றும் கேட்காதே. கோபம் வந்தால் அறையை விட்டு வெளியே வந்துவிடு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வா. யாராவது ஒரு மனநல ஆலோசகரைப் பார். பார்த்தால் என்ன குறைந்துபோகும்? நேரத்தோடு தூங்கு.

போன மாசம் வந்த போட்டோவில் உன் சின்னப் பையன் முறைத்துக்கொண்டு நிற்கிறான். தம்பிக்கு அனுப்பும்போது வழக்கம்போல இரண்டு வார்த்தை டைப் செய்துவிட்டேன். அழித்துவிட்டுப் படத்தை மட்டும் அனுப்பினேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பேசு. வேலை இருந்தாலும் பேசு. அன்றைக்குக் கீழே விழுந்தது என்னவென்று சொல். விழுந்ததா, எறிந்ததா என்றும் சொல்.

அம்மா