ஜன்னலை மூடிய ஓவியர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

கட்டடக்கலை படிக்கிற உனக்கு அரூப ஓவியங்களில் பிடிமானமே கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். சுவர் இல்லை, கதவு இல்லை, வெறும் வண்ணம்தானே என்கிறாய். எனக்கென்னவோ உங்கள் ஆட்களைவிட இந்த ஓவியர்கள்தான் ஜன்னலைப் பற்றி அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் என்று தோன்றுகிறது.

ஓவியப் பரப்பைத் திறந்த ஜன்னலாக நினைத்துக்கொள் என்று 1435-இல் சொன்னவர் இத்தாலியரான ஆல்பர்ட்டி. அவரும் கட்டடக் கலைஞர்தான். அதற்கப்புறம் நானூறு வருடங்களுக்கும் மேல் ஐரோப்பிய ஓவியம் அந்த ஜன்னல் வழியாகவே உலகத்தைப் பார்த்தது. 1914-இல் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், கொல்யூர் என்ற கடலோர ஊரில் ஒரு ஜன்னலை வரைந்தார். இரண்டு பக்கமும் நீலம், சாம்பல், பச்சைப் பட்டைகள். வெளிக்காட்சி தெரியவேண்டிய நடுப்பகுதி முழுக்கக் கறுப்பு. உற்றுப் பார்த்தால் கறுப்புக்கு அடியில் பால்கனிக் கம்பிகள் மங்கலாகத் தெரியும். அதாவது, காட்சியை வரைந்துவிட்டு அதன்மேல் கறுப்பைப் பூசி மூடியிருக்கிறார்! அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் படம் காட்சிக்கே வரவில்லை.

1966-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த மத்தீஸ் கண்காட்சியில் அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபன்கோர்ன் அதைப் பார்த்தார். அடுத்த வருடமே பக்கத்து சாண்டா மோனிகாவில் 'ஓஷன் பார்க்' என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். ஏறக்குறைய இருபது வருடம், நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். கடற்கரை வெளிச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, வெளிச்சம் இருக்கிறது. ஆனால் கோடுகளைப் பார். பல படங்களில் அவை மேல்விளிம்பில் நெருக்கியடித்து நிற்கும். கீழே பெரிய பரப்பு காலியாகக் கிடக்கும். மெல்லிய வண்ணப் பூச்சுக்கு அடியில், அவர் வேண்டாம் என்று விட்ட கோடுகளும் தெரியும், உன் டிரேசிங் பேப்பருக்குக் கீழே பழைய பிளான் தெரிகிற மாதிரி. ஒரு அறையை எங்கே தடுப்பது என்று திரும்பத் திரும்ப மனம் மாற்றிய ஆளின் வேலை அது.

இன்னொரு அமெரிக்க ஓவியர் ரோத்கோ வேறு மாதிரி. 1958-இல் நியூயார்க்கின் சீக்ராம் கட்டட உணவகத்துக்கு வரைய ஒப்புக்கொண்டார். மனதில் இருந்தது ஃபிளாரன்ஸில் மைக்கலாஞ்சலோ கட்டிய நூலக முன்கூடம். அதன் ஜன்னல்கள் வெறும் பாவனை, திறக்கவே திறக்காது. சாப்பிட வருகிறவர்கள் அடைபட்டதுபோல உணரவேண்டும் என்பது அவர் எண்ணம். கடைசியில் படங்களைக் கொடுக்காமல் பணத்தைத் திருப்பிவிட்டார். உணவகத்துக்கு நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

நீ அமெரிக்க ஓவியர் எல்ஸ்வொர்த் கெல்லியிலிருந்து தொடங்கு. பாரிஸின் நவீன ஓவிய அருங்காட்சியகத்தில் அவரை இழுத்தது சுவரில் தொங்கிய படங்களைவிட ஜன்னல்கள்தான். 1949-இல் அதில் ஒன்றை மரத்திலும் துணியிலும் அப்படியே செய்தார். அதில் வெளியே பார்க்க எதுவுமே இல்லை. பார்த்துவிட்டு எழுது, பிடிக்கவில்லை என்றால் சண்டை போடுவோம்.

அன்புடன்,
அண்ணன்