தலைசுற்றினால் முதலில் நேரத்தைக் குறியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் தலைசுற்றல் பற்றி வந்த கட்டுரை, படுக்கையில் தலையைப் படிப்படியாகத் திருப்பும் எப்ளி முறையைப் படங்களோடு விளக்கியிருந்தது. படங்கள் சரி, செய்முறையும் சரி. காதினால் வரும் தலைசுற்றலுக்கெல்லாம் இதுவே தீர்வு என்ற தொனியில் முடித்ததுதான் சிக்கல். உள்காதுக் கோளாறால் கடும் தலைசுற்றல் திரும்பத் திரும்ப வரும் மெனியர் நோய் உள்ளவர் இதை எத்தனை முறை செய்தாலும் அந்த நோய்க்குப் பயனில்லை. சுற்றல் உச்சத்தில் இருக்கும்போது செய்தால் வாந்திதான் கூடும். செவித்திறன் பரிசோதனையிலும் சமநிலைப் பயிற்சியிலும் பணியாற்றும் நாங்கள், கட்டுரையில் விடுபட்டதை எழுதுகிறோம்.

எப்ளி முறை, உள்காதின் அரைவட்டக் குழல்களுக்குள் இடம் தவறிப் போன கால்சியம் துகள்களை மறுபடி உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. அந்தத் தொல்லை உள்ளவருக்குப் புரண்டு படுத்தாலோ அண்ணாந்து பார்த்தாலோ உலகம் சுற்றும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். மெனியர் அப்படி வருவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தொடங்கும். 20 நிமிடத்திலிருந்து 12 மணி நேரம் வரை நீடிக்கும். கூடவே ஒரு காதில் அடைப்பு, இரைச்சல், கேட்கும் திறனில் ஏற்ற இறக்கம். சுற்றல் நாள்கணக்கில் விடாமல் இருந்தால் சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். பக்கவாதம் இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். ஒற்றைத் தலைவலியோடு தொடர்புடைய சுற்றல் 5 நிமிடமும் இருக்கும், 72 மணி நேரமும் இருக்கும்; மெனியரோடு அதிகம் குழப்பிக்கொள்ளப்படுவது இதுதான். ஆகவே 'எப்படிச் சுற்றியது' என்று விவரிப்பதைவிட எவ்வளவு நேரம் சுற்றியது, எதைச் செய்தபோது தொடங்கியது, காதில் என்ன மாறியது என்று சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. இந்த மூன்றும் கேட்கப்படாமல், கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லப்பட்டு ஆண்டுக்கணக்கில் கழுத்துப் பட்டையோடு அலைபவர்கள் உண்டு.

மெனியர் நோயை உறுதிசெய்ய 2015இல் பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வகுத்த அளவுகோலில், கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் கட்டாயம். தாழ்ந்த, நடுத்தர அதிர்வெண்களில் நரம்புவழிக் கேள்விக்குறைவு (கேட்கும் திறன் குறைதல்) ஒரு முறையாவது பதிவாகியிருக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். தொடக்கக் காலத்தில் சுற்றல் அடங்கிய சில நாள்களில் கேட்கும் திறன் பழைய நிலைக்கே திரும்பிவிடும். பத்து நாள் கழித்துப் பரிசோதித்தால் 'காது நன்றாக இருக்கிறது' என்றுதான் அறிக்கை வரும். காது அடைத்திருக்கும்போதே, நடக்க முடிந்த முதல் நாளிலேயே, பரிசோதனைக்குப் போக வேண்டும். ஒரு பக்கக் காது மட்டும் மந்தமாகிறது என்றால், கேள்வி நரம்பில் கட்டி இல்லை என்று பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் தேவைப்படும்.

பாரிஸில் காது கேளாதோருக்கான நிறுவனத்தின் மருத்துவராக இருந்த புரோஸ்பர் மெனியர், இத்தகைய சுற்றலுக்கு மூளை காரணமில்லை, உள்காதே காரணம் என்று 1861இல் எடுத்துரைத்தார். இறந்தவர்களின் உள்காதை ஆராய்ந்தவர்கள், அங்குள்ள எண்டோலிம்ப் என்ற நீர் மிகுந்து சவ்வுப் பைகள் உப்பியிருப்பதை 1938இல் கண்டார்கள். அந்த நீரில் பொட்டாசியம் அதிகம். உப்பிய சவ்வு கிழிந்து அது வெளியே கசியும்போது சமநிலை நரம்பு தாறுமாறாகிறது என்பது ஒரு விளக்கம். நீர் உப்பியிருந்தும் சுற்றலே வராதவர்கள் இருப்பதால் அது முழு விளக்கம் ஆகாது.

சுற்றல் வந்துவிட்டால், முதலில் இருக்கும் இடத்திலேயே தரையில் படுத்துவிட வேண்டும். கட்டிலைத் தேடி நடக்கும்போதுதான் பலர் விழுந்து அடிபடுகிறார்கள். பலருக்கு நல்ல காது கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுப்பது இதமாக இருக்கும். வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகாமலிருக்கவும் ஒருக்களிப்பதே பாதுகாப்பு. அசையாத ஒரு பொருளைக் கண்ணால் பற்றிக்கொள்ள வேண்டும். உடனிருப்பவர் கைத்தாங்கலாகத் தூக்கி உட்காரவைக்க முயல வேண்டாம்; வெளிச்சத்தையும் பேச்சையும் குறைத்து, பக்கத்தில் ஒரு பாத்திரமும் துணியும் வைத்தால் போதும். வாந்தி தொடங்கிய பின் விழுங்கும் மாத்திரை வெளியே வந்துவிடும். மேல் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்துக் கரையவிடும் 3 மி.கி. புரோகுளோர்பெரசின் மாத்திரை அதற்காகவே இருக்கிறது. கிடைக்குமா, தமக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். தண்ணீரை வாய் வாயாகக் கொடுக்க வேண்டும். பல மணி நேரம் ஒரு வாய் நீர்கூடத் தங்கவில்லை என்றால் மருத்துவமனையில் சிரை வழியாக நீர் ஏற்ற வேண்டியிருக்கும்.

உடனிருப்பவர் செய்யக்கூடிய பேருதவி ஒன்று உண்டு. கைப்பேசியை முகத்துக்கு அருகில் பிடித்துக் கண்களைக் காணொளியாக எடுங்கள்: நேராகப் பார்க்கும்போது 20 விநாடி, இடமும் வலமும் பார்க்கும்போது பத்துப் பத்து விநாடி. கருவிழி எந்தப் பக்கம் வெட்டி வெட்டி ஓடுகிறது என்பது, சுற்றல் நின்ற பிறகு நடக்கும் எந்தப் பரிசோதனையிலும் கிடைக்காத தகவல். சுற்றல் தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் எடுத்தது என்பதையும் குறிக்க வேண்டும். மெனியரில் அந்த ஓட்டத்தின் திசை போகப்போக மாறக்கூடும்.

மாத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்றவை சுற்றலை அமுக்குபவை. நோயை மாற்றுபவை அல்ல. சுற்றல் வந்த நாளில், மிஞ்சினால் இரண்டு மூன்று நாள், அவற்றுக்கு வேலை உண்டு. அதே சீட்டைக் காட்டிக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விழுங்கினால் இரண்டு கேடு. காது இழந்ததை ஈடுகட்ட மூளை கற்றுக்கொள்வது தாமதமாகும். கை நடுக்கம், உடல் விறைப்பு, நடைத் தளர்ச்சி என்று பார்க்கின்சன் நோயைப் போன்ற அறிகுறிகளும் வரலாம், அதிலும் முதியவர்களுக்கு. அந்த நடுக்கத்துக்குத் தனியாக ஒரு மருந்து தொடங்கினால் கேட்கவே வேண்டாம்.

பீட்டாஹிஸ்டின் வேறு வகை. நாள்தோறும் எடுக்கும் மருந்து அது. 221 பேரிடம் ஒன்பது மாதம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், குறைந்த அளவு பெற்றவர்கள், கூடிய அளவு பெற்றவர்கள், வெற்று மாத்திரை பெற்றவர்கள் ஆகிய மூன்று குழுவினருக்குமே சுற்றல் ஏறத்தாழ ஒரே மாதிரி குறைந்தது. தானாகவே ஏறி இறங்கும் நோயில் எந்தச் சிகிச்சையும் வென்றதுபோல் தெரியும். 'இதைச் சாப்பிட்டேன், நின்றுவிட்டது' என்று பரவும் வைத்தியங்களையும் இதை வைத்தே எடைபோட வேண்டும். பலருக்கு மருத்துவர்கள் இன்னமும் பீட்டாஹிஸ்டின் எழுதுகிறார்கள். குறிப்பேடு வைத்துச் சில மாதம் பார்த்து, பலனில்லை என்றால் அவரிடமே சொல்லி நிறுத்தலாம். ஆஸ்துமா, வயிற்றுப்புண் உள்ளவர்கள் முன்பே தெரிவிக்க வேண்டும்.

உப்புக் குறைப்புக்கும் வலுவான சான்று இல்லை. ஆனால் செலவும் கேடும் குறைவு என்பதால் முயன்று பார்க்கத் தக்கது. இலக்கு நாளொன்றுக்கு 1,500 முதல் 2,000 மி.கி. சோடியம். ஒரு தேக்கரண்டி உப்பிலேயே சுமார் 2,300 மி.கி. இருக்கிறது. பொட்டலங்களில் சோடியம் என்று போட்டிருந்தால் 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். நீரில் நுரைத்துக் கரையும் வலி மாத்திரை ஒன்றில் 400 மி.கி. அளவுக்குச் சோடியம் இருக்கக்கூடும் என்பது பலர் கவனிக்காதது. ஒரு நாள் கடும் பத்தியம், மறுநாள் விருந்து என்று போவதைவிடத் தினமும் ஒரே சீராக இருப்பது மேல். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படுவதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சிலவகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் தொடக் கூடாது.

இவற்றுக்கும் அடங்காவிட்டால் செவிப்பறை வழியாக நடுக்காதில் ஊசி. ஸ்டீராய்டு ஊசியால் கேட்கும் திறனுக்கு ஆபத்து குறைவு. ஜென்டாமைசின் சமநிலை உணர்செல்களை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்வது. கேட்கும் திறன் போகும் அபாயம் உண்டு. 60 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வு, சுற்றலைக் குறைப்பதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு காணவில்லை. அப்படியிருக்க, ஸ்டீராய்டை முதலில் பார்க்கலாமா என்று கேட்பதில் தவறில்லை. அறுவை சிகிச்சை கடைசி வாசல். விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்டு, உள்காதில் மிகும் நீரை வடியவிடும் அறுவையை 1968இல் செய்துகொண்டு 1971இல் நிலவில் நடந்தார் என்பது உண்மை. அதே வகை அறுவையை ஒப்புக்குச் செய்த அறுவையோடு ஒப்பிட்ட 1981ஆம் ஆண்டு டென்மார்க் ஆய்வில் இரு தரப்பினரும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேறினார்கள் என்பதும் உண்மை.

சுற்றல் ஓய்ந்த காலத்தில் மிஞ்சும் தள்ளாட்டத்துக்குத்தான் பயிற்சி. ஓர் அட்டையில் ஒரே ஓர் எழுத்தை எழுதிக் கை நீட்டும் தூரத்தில் வைத்து, பார்வையை அதில் பதித்தபடி தலையை மட்டும் இடமும் வலமும் 20, 30 பாகை திருப்ப வேண்டும். எழுத்து மங்கினால் வேகம் அதிகம், குறைத்துக்கொள்ளவும். ஒரு நிமிடம் வீதம், தினமும் மூன்று முறை. உட்கார்ந்து செய்வது பழகிய பின் நின்றும், பிறகு பாதங்களை ஒட்டி வைத்தும் செய்யலாம். லேசாகக் கிறுகிறுப்பது இயல்பு. கால் மணி நேரத்தில் தணியவில்லை என்றால் அளவு கூடிவிட்டது. அடிக்கடி சுற்றல் வந்துகொண்டிருக்கும் கட்டத்தில் இந்தப் பயிற்சியால் பெரிதாகப் பயன் வராது, ஏனென்றால் மூளை கற்றுக்கொள்ள காது ஒரே நிலையில் இருக்க வேண்டும்.

காது கைவிட்ட பின் கண்ணும் பாதமும்தான் துணை. இருட்டும் மெத்தென்ற தரையும் அந்த இரண்டையும் பறித்துவிடும். இரவு விளக்கு, குளியலறைச் சுவரில் கைப்பிடி, தலைக்குக் குளிக்கும்போது கண்மூடி நிற்காமல் ஒரு முக்காலி ஆகியவை அவசியம். நீருக்குள் எது மேல், எது கீழ் என்று தெரியாமல் போகக்கூடும் என்பதால் தனியே நீந்தவே கூடாது. சிலருக்கு முன்னறிவிப்பின்றி, பிடித்துத் தள்ளியதுபோல் நினைவோடு கீழே விழும் தாக்குதல் வரும். அவர்கள் ஏணி ஏறுவதையும் வண்டி ஓட்டுவதையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை விட்டுவிட வேண்டும்.

ஆண்டுகள் செல்லச் செல்லப் பலருக்குச் சுற்றல் குறையும், கேள்விக் குறைவு தங்கிவிடும். மெல்லிய பேச்சு கேட்காது, சற்றே உரத்த ஒலியோ காதைக் குத்தும். அதனால் கத்திப் பேசுவது உதவாது. எதிரே நின்று நிதானமாகப் பேசுவதே உதவும். கேட்கும் திறன் ஏறி இறங்குவதால், ஒரே அளவில் நிறுத்தப்பட்ட கருவியைவிட, நல்ல நாளுக்கும் மோசமான நாளுக்கும் தனித்தனி அமைப்பு வைக்கக்கூடிய செவித்துணைக் கருவியே ஏற்றது.

நோய் உறுதியானவர் வீட்டில் 'வழக்கமாக வருவதுதானே' என்று இருந்துவிடும் ஆபத்தும் உண்டு. சுற்றலோடு பேச்சுக் குழறல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், முகம் ஒருபக்கம் கோணுதல், கைகால் பலவீனம், இதுவரை இல்லாத கடும் தலைவலி, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஒரு காது திடீரென்று முற்றிலும் கேட்காமல் போனாலும் ஓரிரு நாளுக்குள் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு அதிகப் பயன் தரும் காலம் முதல் இரண்டு வாரம்தான்.

இப்படிக்கு,
செவித்திறன் பரிசோதகர் ஒருவரும் சமநிலைப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரும்